முள்ளுமேட்டு எண்ணெய்க் கிணறு

குடிநீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருப்பதும், அந்த அலுவலகத்தார் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருப்பதும் எல்லா ஊரிலும் உள்ள நடைமுறைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆம்பூருக்குக் கிழக்கே முள்ளுமேட்டுத் தெருவில் நாற்பது வீடு, ஓர் அடிபம்பு. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் உப்பைப் பற்றி நான் கூட்டிச் சொல்கிறவன் இல்லை. பானையில் ஒரு வாரம் பிடித்து வைத்தால் பானைக்குள் இன்னொரு பானை கிடைக்கும், அவ்வளவுதான். அந்த உப்பு பம்பின் குழாய்க்குள் பாறையாகப் படிந்து, கடைசியில் சுண்டுவிரல் நுழையும் சந்துதான் மிச்சம். ஒரு குடம் நிரம்ப நானூறு தடவை அடிக்க வேண்டும். அடித்து முடிப்பவர் தாகத்துக்கு அந்த ஒரு குடம் சரியாக இருக்கும்.

ஷூ கம்பெனியில் தோல் தைக்கிற தேவகிருபைக்குத் தை மாதம் மகன் ஜெஸ்டன் கல்யாணம். வருகிற சனத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, குடிநீர் அலுவலகப் பொறியாளர் ராமலிங்கத்தின் முன்னால் போய் நின்றார்.

"சார், குழாயில அடைச்சிருக்கிற உப்பை எடுத்துக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"எடுக்கலாமே. அதுக்குன்னே மிஷின் இருக்குதும்மா. அதோ, தார்ப்பாய்க்குள்ள."

பொய்யில்லை. பொடி மணலைத் தண்ணீரோடு கலந்து, சின்ன முனை வழியாகப் பேய்வேகத்தில் பீய்ச்சி, குழாய்க்குள் படிந்ததைச் சுரண்டி எடுக்கிற இயந்திரம். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்காகச் செய்தது. எண்ணெயே இல்லாத எங்கள் பக்கம் அது ஏன் வந்தது என்று கேட்கக் கூடாது. மாவட்டத்துக்கு ஒன்று என ஒதுக்கினார்கள். கிணறு இல்லை என்ற அற்பக் காரணத்துக்காக ஒரு மாவட்டத்தை வஞ்சிப்பது நீதியாகுமா?

"அப்போ எடுத்துட்டு வாங்க சார்."

"எண்ணெய்க் கிணத்துக்கு மட்டும்தான் போடணும்னு விதி இருக்குது. உங்களுது தண்ணி."

"குழாய் குழாய்தானே? உப்பு உப்புதானே?"

"குழாய் ஒண்ணுதாம்மா. ஃபைல் வேற. எதுக்கும் ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டாங்க, சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம்."

மறுநாள் பாட்டில் வந்தது. ராமலிங்கம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே வானவில் மாதிரி ஏதோ மிதந்தது.

"இன்னாம்மா இது, எண்ணெய்?"

"தையல் மிஷினுக்கு எண்ணெய் வெச்சிருந்த பாட்டில் சார். கழுவல."

"ஏன் கழுவல?"

"கழுவத் தண்ணி இருந்தா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

ராமலிங்கம் பாட்டிலைப் பத்திரமாக மேஜை மேல் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இதெல்லாம் நீங்க சொல்லக் கூடாதும்மா. ஆய்வகம் சொல்லணும்."

'மாதிரியில் எண்ணெய் உள்ளது' என்று ஆய்வகம் சொன்னது. பதினோரு கையெழுத்துக்குப் பிறகு முள்ளுமேட்டு அடிபம்பு, 'எண்ணெய்க் கிணறு எண் ஒன்று' ஆனது.

இயந்திரத்தோடு அதை ஓட்டுகிற சர்தார் பாஷா வந்தார். பம்பின் தலையைக் கழற்றி, முனையை உள்ளே இறக்கினார்.

"பாஷா அண்ணே, குழாய் ஓட்டையாய்டாதே?" என்றார் தேவகிருபை.

"ஆவாதும்மா. உப்பு மட்டும்தான் போவும். மணலு ஜாஸ்தியானாத்தான் பேஜாரு."

விசையைத் திருப்பியதும் குழாயிலிருந்து பீறிட்ட வெள்ளைச் சேறு, நாற்பது வீட்டுக்கும் ஓசியில் சுண்ணாம்பு அடித்தது. குறுக்கே போன எருமை ஒன்று அடியோடு வெளுத்துவிட்டது. அதன் சொந்தக்காரர் பசு என்று சொல்லித் திமிரிப் பக்கம் விற்றுவிட்டதாகக் கேள்வி. பம்பை மறுபடி பூட்டி அடித்தார்கள். நாலே அடியில் குடம் நிரம்பியது! பெண்கள் குலவையிட்டுக் குடங்களோடு ஓடிவந்தார்கள்.

"நில்லுங்க!" என்றார் ராமலிங்கம். "எண்ணெய்க் கிணத்துல பொதுமக்கள் கை வைக்கக் கூடாது."

அன்று மாலையே முள்வேலி வந்தது. 'தீப்பெட்டி கொண்டுவராதீர்' என்று பலகை வந்தது. காவலுக்குப் பூவரசன் வந்தான். தினமும் நாற்பது குடம் அடித்து, எண்ணெய் வருகிறதா என்று பார்த்து, 'இன்று இல்லை. நாளை எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதுவது அவன் வேலை. எண்ணெய்க் கிணற்றில் வரும் தண்ணீர் விதிப்படி கழிவு. ஆகவே நாற்பது குடத்தையும் குழி வெட்டி ஊற்றினான்.

"தம்பி, குழியில ஊத்துறதை என் குடத்துல ஊத்தேன்."

"ஐயோ அக்கா! கழிவைக் குடிச்சிட்டு உங்களுக்கு ஒண்ணுன்னா என் வேலை போய்டும்."

தேவகிருபை மறுபடி அலுவலகத்துக்கு நடந்தார். ராமலிங்கம் தங்கமான மனுஷன். "தெருவே சேர்ந்து வேணாம்னு சொன்னா, மறுபடியும் அடிபம்பா மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். கை தூக்கச் சொல்லுங்க, போதும்" என்றார்.

தேவகிருபை வீடு வீடாகப் போனார். ஆனால் அதற்குள் தெருமுனையில் 'ஆயில் நகர்' என்று போர்டு நட்டிருந்தார்கள். வாலிபப் பிள்ளைகள் டீக்கடைக்குப் போவதானாலும் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனார்கள். சுஹேல் அகமதின் பிரியாணிக் கடை 'ஆயில் சிட்டி பிரியாணி' ஆகியிருந்தது.

"எம் பொண்ணுக்குச் சோளிங்கர்ல சம்பந்தம் முடிஞ்சதே எண்ணெய்க் கிணத்துக்கு எதிர்வீடுன்னுதான்" என்றாள் பாக்யலட்சுமி. "இப்போ போய் அது வெறும் பம்புன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

"தண்ணிக்கு இன்னாடி பண்ணுவ?"

"பக்கத்துத் தெருவுல போய் எடுத்துட்டு வர்றேன். நமக்கென்னக்கா, கால் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு முன்னால் தெருவே கூடியது. "மறுபடி அடிபம்பா ஆகணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார் ராமலிங்கம்.

ஒரே ஒரு கை உயர்ந்தது. தேவகிருபையின் கை. பக்கத்தில் நின்ற கணவர் ஜெயகரன் அவர் காதருகே குனிந்தார்.

"இன்னா பண்ற நீ? ஜெஸ்டன் பத்திரிகையில ஆயில் நகர்னு அச்சடிச்சாச்சு."

"யாரைக் கேட்டு அடிச்ச? எத்தனை?"

"ஐநூறு. கொடுத்தும் முடிச்சாச்சு. பொண்ணு வீட்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்களாம்."

தேவகிருபை வேலிக்குள் பார்த்தார். பூவரசன் அன்றைய முப்பத்தொன்பதாவது குடத்தைக் குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கை தூக்கினீங்களேம்மா?" என்றார் ராமலிங்கம். "சொல்லுங்க."

"அது ஒண்ணுமில்ல சார்," என்றார் தேவகிருபை. "கழிவு ஊத்துற குழி ரொம்பச் சின்னதா இருக்குது. கல்யாணத்துக்கு வர்றவங்க பார்த்தா கேவலம். கொஞ்சம் பெருசா வெட்டிக் குடுங்க."

கோரிக்கை அன்றே நிறைவேறியது. முள்ளுமேட்டுக்காரர்கள் இதுவரை கொடுத்த மனுக்களில், கேட்ட அன்றே கிடைத்தது அந்தக் குழி ஒன்றுதான்.