பாதி பேட்டரி போராட்டத்துக்கு

"இந்த வீட்டு பேட்டரி இனிமேல் பாதிக்குக் கீழே இறங்காது" என்று துண்டறிக்கையார் புதன்கிழமை காலை பல் துலக்கிய கையோடு அறிவித்தார். கேட்டது மனைவி ஒருத்திதான். அவர் பார்வையோ அவள் தலைக்கு மேலே, பெரிய மைதானத்தைப் பார்ப்பது போல இருந்தது.

துண்டறிக்கையார் என்பது தெரு வைத்த பெயர். பள்ளியில் படித்தது ஐந்து வருஷம், துண்டறிக்கைகளில் படித்தது ஐம்பது வருஷம். முப்பது வருஷ ஆலை வேலையில் பதினோரு வேலைநிறுத்தம் நடத்தியவர். "செய்யாதே" என்று ஒருவன் சொன்னால் முதலில் அதைச் செய்வார், பிறகுதான் காரணம் கேட்பார். கூட்டம் போடாதே என்றார்கள். போட்டார். கேட்டில் ஏறாதே என்றார்கள். ஏறினார். முழங்காலில் இருக்கும் தழும்பு அந்தக் கேட் கொடுத்தது. அதை அவர் பதக்கம் என்பார். ஏறத் தெரியாதவர் என்பதற்கு அத்தாட்சி என்பாள் மனைவி.

பேட்டரி விஷயம் இதுதான். தெருவில் தினமும் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. இரண்டு மணி நேரம்தான் என்று மின் அலுவலகம் சாதித்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் கண்டனக் கூட்டம். எந்தக் கூட்டத்திலும் இவர் மைக்கைப் பிடித்து மூன்றாவது வாக்கியம் பேசும்போது கரண்ட் போவது வழக்கமாகிவிட்டது. தற்செயல் என்றார்கள். தற்செயலை நம்பினால் சங்கம் எதற்கு? அதனால் இந்த முறை மைக்குக்கு வயர் அவர் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து. போராட்ட நிதியில் பாதியைத் தொடக் கூடாது என்பது சங்க விதி. பேட்டரிக்கும் அதே விதி. ஐம்பது சதவீதம் வந்ததும் இன்வெர்ட்டர் வீட்டு லைனைத் தானாக நிறுத்திவிடும்படி செட்டிங்கை மாற்றினார்; மைக் வயருக்கு மட்டும் இருபது வரை அனுமதி.

முன்னறையில் மனைவியின் தையல் மெஷின். ஒரு மருத்துவமனைக்கு நாற்பது நர்ஸ் உடுப்பு, திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். அந்த ஆர்டருக்காக அவள் மூன்று வருஷம் படியேறியிருந்தாள். தவறினால் அடுத்த வருஷம் வேறொருத்திக்குப் போய்விடும். பாதியோடு பேட்டரி நின்றால் மதியத்தோடு மெஷினும் நிற்கும். அதைச் சொன்னாள். தியாகம் என்று தொடங்கினார் அவர். அவள் எழுந்து போய்விட்டாள்.

வியாழன் மதியம் பார்த்தால், கரண்ட் இல்லாமலே தையல் மெஷின் ஓடுகிறது. பேட்டரி முப்பத்தொன்று. மறுபடி ஐம்பது வைத்தார். வெள்ளியும் அதே கதை.

இன்வெர்ட்டரின் அடிவயிற்றில் ஒரு மெமரி கார்டு உண்டு. செட்டிங்கைச் சேமித்து வைக்கும், தேவைப்பட்டால் திரும்ப ஏற்றும், என்ன நடந்தாலும் நேரத்தோடு பதிவு செய்யும். பொருத்த வந்த எலெக்ட்ரீஷியன் இதை அரை மணி நேரம் விளக்கினான். அந்த அரை மணியும் துண்டறிக்கையார் அவனுக்கு எட்டு மணி நேர வேலை உரிமையை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். பேச முடியாததால் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளி மாலை கார்டை உருவிக்கொண்டு போய்க் கடையில் அச்செடுத்து வந்தார். குற்றப்பத்திரிகை போல நின்றபடி வாசித்தார். வியாழன் காலை பத்து ஐந்து, கார்டிலிருந்து செட்டிங் ஏற்றப்பட்டது. வெள்ளி காலை பத்து மூன்று, கார்டிலிருந்து செட்டிங் ஏற்றப்பட்டது. எலெக்ட்ரீஷியன் அன்று சேமித்துப் போன பழைய இருபது சதவீதம்.

"யார் ஏத்தினது?"

"கார்டுன்னுதான் போட்டிருக்கே."

"கார்டுக்குக் கையா இருக்கு?"

"சரி, நான்தான். இந்த வீட்டுல ஒரு தொழிலாளி இருக்கா, ஒரு நிர்வாகம் இருக்கு. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அச்செடுத்த தாளை நாலாக மடித்தார். கார்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் சிறை வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் சரியாக ஐம்பதில் தையல் மெஷின் நின்றது. பதினோரு உடுப்பு பாக்கி. ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் அவள் தணிந்த குரலில் பேசினாள். தோற்றுவிட்டேன் என்றாள். காலையில் இன்வெர்ட்டர் இரண்டு தடவை கத்தியதாகவும், நாளைக்கு அது மக்கர் செய்தால் அவருடைய ஐம்பது அழிந்துபோகும் என்றும், அதையும் கார்டில் சேமித்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னாள். துண்டறிக்கையாருக்கு மனம் குளிர்ந்தது. நிர்வாகம் இப்படிப் பணிந்து பேசி அவர் கேட்டதே இல்லை.

கார்டைச் சொருகினார். திரையில் இரண்டு வரி, இரண்டு அம்புக்குறி. ஒன்று இப்படி, ஒன்று அப்படி. எது சேமிப்பது, எது ஏற்றுவது? கேட்டால் தெரிந்துவிடும். கேட்டுப் பழக்கமில்லை. விரல் கீழ் வரியை நோக்கிப் போனது.

அவள் ஊசியில் நூல் கோத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஏங்க, மேல இருக்கறத மட்டும் அமுக்கிடாதீங்க."

விரல் நின்றது. முப்பது வருஷம் மேஸ்திரிகள் பேசிய அதே தொனி. விரல் மேலே ஏறி, மேல் வரியை அழுத்தியது. இன்வெர்ட்டர் ஒரு தடவை கீச்சிட்டு, முடிந்தது என்றது. அவளும் பெருமூச்சு விட்டாள். அது தோல்வியின் மூச்சு என்று நினைத்துக்கொண்டு, கார்டைத் திரும்பப் பையில் போட்டு, சுவரொட்டி ஒட்டக் கிளம்பினார்.

சனி மாலையும் ஞாயிறு பகலும் அவர் தெருத்தெருவாகப் பசை வாளியோடு திரிந்தார். கரண்ட் வழக்கம்போலப் போனது. தையல் மெஷின் நிற்கவில்லை.

ஞாயிறு ஆறு மணி. நல்ல கூட்டம். மூன்றாவது வாக்கியத்தில் தெரு விளக்கு அணைந்தது. மைக் அணையவில்லை. "பாருங்கள்! வயரை வெட்டலாம், குரலை வெட்ட முடியாது!" என்று கர்ஜித்தார். கைதட்டல். நாலு நிமிஷம் பேசியிருப்பார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட கீச். தையல் மெஷின் தின்றது போக மிஞ்சிய பேட்டரி இருபதைத் தொட்டுவிட்டது. மைக் செத்தது.

அவர் விடவில்லை. முட்டித் தழும்பு வலிக்க மேஜை மேல் ஏறி வெறும் தொண்டையில் இன்னும் ஐந்து நிமிஷம் பேசினார். குரல் கம்மி நின்றபோது கைதட்டல் தெருவை அடைத்தது. பழைய தோழர் ஒருவர் கண் கலங்கக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோழரே, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைச்சலா நீங்க பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

திங்கள் காலை நாற்பது உடுப்பும் மருத்துவமனைக்குப் போயின. அவள் திரும்பி வரும்போது அவர் வாசலிலேயே காத்திருந்தார், குற்றப்பத்திரிகை முகத்தோடு.

"மேல இருக்கறத அமுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் அவள்.

சொன்னாள்தான். சாட்சியே அவர்தான்.

"சரி, கோவிச்சுக்காதீங்க. கார்டு உங்ககிட்டதான இருக்கு. ஐம்பது வெச்சாலும் சரி, எழுபது வெச்சாலும் சரி. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

துண்டறிக்கையார் கார்டைச் சொருகிவிட்டு இன்வெர்ட்டர் முன்னால் நின்றார். விரலைத் தூக்கினார். காத்திருந்தார். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

மாற்றத்துக்காகவே வாழ்ந்த மனிதர். அன்றிலிருந்து அந்தக் கார்டில் தினமும் ஒரே வரிதான் பதிவாகிறது: செட்டிங்கில் மாற்றம் இல்லை.