மாமனார் வரும் வழியில் ஒரு குடைத்துணிக் காகம்

வீட்டுக்கு வரும் பறவைகளைப் படம் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். பொறுமையெல்லாம் தானாக வந்துவிடும். முக்கியமாக வேண்டியது, நாம் எந்த வீட்டு மாப்பிள்ளை என்கிற ஞாபகம். எனக்கு அது இல்லாமல் போனது.

எண்பதுகளின் நடுவில் நானும் என் மனைவி மல்லிகாவும் மலேசியாவில், கிள்ளானில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல், ஒரு ரம்புத்தான் மரம், கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் லிம் அங்கிள் வீடு. கூட வேலை செய்தவன் ஒருவன் தன் பழைய ஜப்பான் கேமராவை என் தலையில் கட்டினான். முதல் ரோலில் மல்லிகாவை எடுத்தேன். இரண்டாவது ரோலிலிருந்து மாங்குயிலுக்கு மாறிவிட்டேன். (இதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.)

மஞ்சள் பட்டு உடுத்திய மாதிரி வரும் அந்த மாங்குயிலுக்காகப் பப்பாளியை வெட்டி மரத்தடியில் வைப்பேன். கொடியில் காயும் மல்லிகாவின் சாரோங் கைலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாங்குயில் வருவதற்குள் காகங்கள் வந்து பந்தி போட்டு உட்கார்ந்துவிடும். கூட்டம் கூட்டமாக ஊரையே ஆளும் கிள்ளான் காகங்களைப் பற்றிக் கிள்ளானில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுவிய படங்களில் ஒன்றில் இலை, இன்னொன்றில் பாதி வால், மீதி எல்லாவற்றிலும் காகம்.

"செத்த காக்கா மாதிரி ஒண்ணு செஞ்சு மரத்துல தொங்க விடு லா. ஒண்ணுகூட கிட்ட வராது" என்று யோசனை சொன்னான் கேமரா விற்ற அதே மகானுபாவன்.

கிழிந்த குடையின் கறுப்புத் துணியில் வைக்கோல் அடைத்து, இறக்கை வைத்துத் தைத்து, ரம்புத்தான் கிளையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். காகங்கள் கூடிக் கத்தித் தீர்த்தன. பிறகு மொத்தமாக வேலி தாண்டி லிம் அங்கிள் வீட்டுக்குக் குடிபோய்விட்டன. உலகத்திலேயே பெரிய மூளை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மாதங்கள் போகப் போக, அந்தக் குடைக்காகம் அங்கே தொங்குவதே என் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

அப்போதுதான் மாமனாரின் முதல் திதி வந்தது. அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது, மல்லிகா ஒரே மகள். ஆகவே திதி எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. மாமியார் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து விடியற்காலையிலேயே வந்து சமையலில் இறங்கிவிட்டார். படையல் முடிந்ததும் இலையில் சோறு, பருப்பு, வடை எல்லாம் வைத்து மரத்தடிக் கல்லில் கொண்டு போய் வைத்தோம். காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட வேண்டும்.

"கா, கா" என்றேன். வானம் சுத்தமாக இருந்தது. மல்லிகா கூப்பிட்டாள். மாமியார் கூப்பிட்டார். காகம் இல்லாத கிள்ளானை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பாயசம் ஆறுகிறதே என்று மட்டும் கவலைப்பட்டேன்.

மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. காலையிலேயே மாத்திரை போட்டுவிட்டார். வெயில் ஏற ஏற அவர் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"அம்மா, ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. மயக்கம் போட்டு விழுந்துருவீங்க" என்று மல்லிகா அழுதாள்.

"அவரு சாப்பிடாம நான் எப்படிடி சாப்பிடுவேன்? அவருக்கு என்மேல கோபம். எனக்குத் தெரியும்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டபடி வானத்தைப் பார்க்க அண்ணாந்தார். பார்வை பாதி வழியில், ரம்புத்தான் கிளையில் நின்றது.

"மாப்பிள்ளை, அது என்ன?"

"காக்கா, அத்தை."

"செத்ததா?"

"இல்ல அத்தை. குடை."

"குடையா?"

"நான்தான் செஞ்சேன்."

"எதுக்கு?"

"காக்கா வராம இருக்க" என்றேன்.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மனுஷன் மொத தடவையா மக வீட்டுக்குச் சாப்பிட வர்றாரு, மாப்பிள்ளை. வாசல்லயே அவரைத் தலைகீழாத் தொங்க விட்டிருக்கீங்களே" என்றார். மல்லிகா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மரத்தில் ஏறி அதைப் பிய்த்து எறிந்தேன். ஒரு காகமும் வரவில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். லிம் அங்கிள் தட்டுகளில் மீன் காயப்போட்டு, கம்பும் கையுமாகக் காகங்களை விரட்டிக்கொண்டிருந்தார். மல்லிகா இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினாள். மாமியாரைக் கைத்தாங்கலாக நான் கூட்டிப் போனேன். கழுத்தில் கேமரா. (ஏன் என்று கேட்காதீர்கள். அந்த நாட்களில் குளிக்கும்போதுதான் கழற்றுவேன்.)

"அங்கிள், இன்னிக்கு மட்டும் விரட்டாதீங்க. எங்கப்பா வந்து சாப்பிடணும்" என்று மல்லிகா மலாயில் கெஞ்சினாள்.

லிம் அங்கிள் காகங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கம்பைக் கீழே போட்டார். "அப்படின்னா உங்கப்பா பல மாசமா என் வீட்டுலதான் சாப்பிடுறாரு" என்றார், அவரும் மலாயில்.

இலையை வைத்ததும் ஒரு கிழட்டுக் காகம் வந்து இறங்கியது. வடையைத் தலை சாய்த்துப் பார்த்தது. பருப்பைப் பார்த்தது. பிறகு எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துப் போய், பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு கருவாட்டைக் கவ்வியது. என் விரல் பழக்க தோஷத்தில் கேமராவை அழுத்திவிட்டது. திதி நாளில் கருவாடு. தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமியாரிடமிருந்து வந்தது சிரிப்பு. லிம் அங்கிளின் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"அவரேதான். கருவாடு பிரஷருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூட ஒரு துண்டு கேட்டாரு. நான்தான் குடுக்கல."

இன்னொரு காகம் வந்து சோற்றைக் கொத்தியது. மல்லிகா அங்கேயே சோற்றைப் பிசைந்து அம்மாவுக்கு ஊட்டினாள். எனக்கு யாரும் ஊட்டவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

நான் எடுத்த பறவைப் படங்களில் துல்லியமாக விழுந்தது அந்தக் கருவாட்டுக் காகம் ஒன்றுதான். மாமியார் அதைச் சட்டம் போட்டு, தன் வீட்டுச் சாமி அறையில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். வருகிறவர்கள் கேட்டால், "எங்க மாப்பிள்ளை எடுத்தது, அவரு சாப்பிடும்போது" என்பார்.

அதோடு வீட்டில் ஒரு சட்டமும் வந்தது. திதியன்று காகம் வாய் வைக்கும் வரை நான் பின்வாசலைத் தாண்டக் கூடாது. பல வருஷம் கழித்து மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு வந்த அவருடைய முதல் திதிக்கும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. மனசு கேட்காமல் எழுந்து கதவில் கை வைத்தேன். வெளியிலிருந்து எங்கள் மகளின் குரல் வந்தது.

"அப்பா, உள்ளயே இருங்க லா. பாட்டி இப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்காங்க."