டிங்கர் வீட்டு ஒலிக் குளியல்

பாப்பாவின் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள் அவள். பதினேழாவது துணியை மடித்தபோது, தலை நிமிராமல், கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் அந்தக் குண்டைப் போட்டாள்.

"என்னங்க, நாளையிலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை காலைலயும் நான் ஒலிக் குளியலுக்குப் போறேன். பத்துலேர்ந்து பன்னெண்டு. பாப்பாவ நீங்க பாத்துக்குங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் இருந்த டீ உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் மூக்கு வரைக்கும் போய்த் திரும்பியது.

பத்திலிருந்து பன்னிரண்டு! அது அவருடைய கேரம் நேரம். வாரத்தில் ஆறு நாள் அவர் டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கார்களை நிமிர்த்துகிறார். ஏழாவது நாள் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் நிமிர்கிறார். தெருக்கோடி எலக்ட்ரீஷியன் தன் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பலகையில் பவுடர் தூவிக் காத்திருப்பான். அதைப் பறிப்பதும் உயிரைப் பறிப்பதும் ஒன்றுதான்.

"குளியலா? நம்ம வீட்டுக் குழாய்ல தண்ணி வரலையா?"

"தண்ணி இல்லீங்க. சத்தம். பாய்ல படுத்துக் கண்ண மூடிக்கணும். ஒரு டீச்சர் கிண்ணங்கள வரிசையா வெச்சு மெதுவாத் தட்டுவாங்க. அந்தச் சத்தம் அலை அலையா உடம்பு மேல வந்து படுமாம். மனசு லேசாயிடுமாம்."

"தகரத்தத் தட்டறதுக்கு டீச்சரா? நான் பதினெட்டு வருஷமா தட்டறேன். இதுவரைக்கும் யாருக்கும் மனசு லேசாகல. வண்டிக்காரங்க பர்ஸ்தான் லேசாகியிருக்கு."

"அவங்க தட்டறது வேற மாதிரிங்க. ரொம்ப நல்லாத் தட்டுவாங்களாம்."

அது சுருக்கென்று குத்தியது. யாரோ ஒரு டீச்சர், அவரைவிட நன்றாகத் தட்டுகிறாளாமே!

"பாப்பா பிறந்து ஏழு மாசமாச்சு. சேர்ந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்கினதா எனக்கு ஞாபகமே இல்லீங்க" என்றாள் அவள். துணியை மடித்த கை அப்படியே நின்றிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கேரம் அதைவிடப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் அவர் மூளையில் பல்பு எரிந்தது.

"நீ ஏம்மா வெளிய போயி அலையணும்? நானே வீட்ல தட்டறேன்."

"நீங்களா? உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று அவள் குனிந்துகொண்டாள்.

சிரமமா? திட்டம் அவருக்குத் தித்தித்தது. பத்து மணிக்கு அவளைப் படுக்க வைக்க வேண்டியது. பாத்திரங்களைப் போட்டு, கூரை பிய்கிற மாதிரி ஓங்கி அடிக்க வேண்டியது. ஐந்தே நிமிடத்தில், சத்தமும் வேண்டாம் குளியலும் வேண்டாம், ஆளை விடுங்க என்று அவள் அலறி எழுந்துகொள்வாள். பத்தேகாலுக்கு எலக்ட்ரீஷியன் கடை!

ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் பாய். பாயில் அவள், பக்கத்தில் கையைக் காலை உதைத்துக்கொண்டு பாப்பா. எதிரே ஒரு பித்தளைக் கிண்ணம், மூன்று எவர்சில்வர் பேசின், சமையலறை மூலையிலிருந்து இழுத்துவந்த அண்டா ஒன்று. கையில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் சுத்தியல். அவர் அதைத் தலைக்கு மேல் ஓங்கினார்.

கை இறங்கவில்லை.

அதிர்ந்துபோனார். மறுபடி ஓங்கினார். பேசினுக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் கை தானாகவே தளர்ந்து, 'ங்ங்ங்' என்று பூப்போலத் தட்டியது. பதினெட்டு வருஷப் பழக்கம். தகரத்தை ஓங்கி அடித்தால் அது நீண்டுவிடும், வேலை கெட்டுவிடும். முதலில் மெல்லத் தட்ட வேண்டும். காதைக் கொடுக்க வேண்டும். சத்தம் எங்கே கரகரக்கிறதோ அங்கேதான் நசுங்கல். பேசின் விளிம்பில் கரகரத்தது. அதை அப்படியே விட்டுவிட அவரால் முடியுமா? தட்டினார். காது கொடுத்தார். மறுபடி தட்டினார். சத்தம் தெளிந்தது. அடுத்த பேசின். அப்புறம் அண்டா.

நிமிர்ந்து பார்த்தால் மணி பத்தே முக்கால்! அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். பாப்பா விரலைச் சப்பியபடி தூங்குகிறது. போனால் போகிறது, இப்போது நழுவலாம் என்று சுத்தியலைக் கீழே வைத்தார். பூனை மாதிரி வாசல் வரைக்கும் போய், ஒரு செருப்பில் காலை நுழைத்தார்.

'ங்ஙே' என்றது பாப்பா.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

பன்னிரண்டு வரைக்கும் தட்டினார்.

அடுத்த ஞாயிறு அவள் மறந்துவிடுவாள் என்றிருந்தார். ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால் மாடி வீட்டுத் தையல்கார அக்கா, கக்கத்தில் பாயோடு.

"தம்பி, ராத்திரி பகலா மெஷின் மிதிச்சுக் காலே மரத்துப்போச்சு. நீங்க தட்டினா சரியாயிடும்னு உங்க வீட்ல சொன்னாங்க."

அக்காவுக்குப் பின்னால் மருந்துக்கடை அம்மா. அந்த அம்மாவுக்குப் பின்னால், தலையணையைக் கட்டிப் பிடித்தபடி... அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். எலக்ட்ரீஷியனின் மனைவி!

அந்த நொடியே கைப்பேசி அடித்தது. எலக்ட்ரீஷியன்.

"அண்ணே! பலகைய துடைச்சு வெச்சிட்டு உக்காந்திருக்கேன். இவ ரெண்டு பசங்களையும் என் தலைல கட்டிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டா. என்னண்ணே நடக்குது அங்க?"

அவர் கைப்பேசியை அணைத்துவிட்டு மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"தாயே, நான் தோத்துட்டேன். நீ அந்த டீச்சர்கிட்டயே போ. பாப்பாவ நான் பாத்துக்கறேன். இவங்களையும் கூட்டிட்டுப் போ. அந்த இடம் எங்க இருக்கு சொல்லு, நானே வண்டியில கொண்டுபோய் விடறேன்."

அவள் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அப்படி ஒரு இடமே இல்லீங்க."

"என்னது?"

"டீச்சரும் இல்லீங்க."

அவர் அண்டா இருந்த இடத்தில் அண்டா மாதிரியே உட்கார்ந்துவிட்டார்.

"கைப்பேசில ஒரு வீடியோ பாத்தேன். அதுல ஒருத்தர் கிண்ணத்தத் தட்டினாரு. நான் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு வர்றப்ப, நீங்க தட்டற சத்தத்துலதான் பாப்பா என் தோள்ல தூங்கும். நேராக் கேட்டா நீங்க கேரமுக்கு ஓடிடுவீங்க. வேற ஒருத்தர் உங்கள விட நல்லாத் தட்டறாங்கன்னா..." என்று இழுத்தாள்.

"அடிப்பாவி! நான் ஓங்கி அடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நீங்களா? தகரத்தயா?" அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அந்தக் கை அப்படி அடிக்காதுங்க."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று விடுவிடுவென வாசலுக்கு நடந்தார். கதவைத் திறந்தார். எலக்ட்ரீஷியன் நின்றிருந்தான்.

"வந்துட்டியாடா! நீ ஒருத்தன்தான்டா மனுஷன். வா, ஓடிடலாம். பலகை எங்க?"

எலக்ட்ரீஷியன் அவரைத் தாண்டி உள்ளே வந்தான். இரண்டு பையன்களையும் சுவரோரமாகப் படுக்க வைத்தான். அவர்கள் பக்கத்தில் தானும் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய்! அப்ப நம்ம கேரம், நம்ம ரெண்டு பேரும் எத்தன வருஷமா—"

"பேசாதண்ணே" என்றான் அவன். "தட்டு."