பாஸ்காப் பூசைக்கு வந்த தொலைநோக்கி

வேட்டைக்கு இவ்வளவு ஆயத்தம் செய்த மனுசன் ஜெர்மனியிலேயே எங்கள் வேட்டை அண்ணை ஒருவர்தான். வேட்டைக்குப் போகத்தான் அவருக்கு லேசில் நேரம் கிடைக்கவில்லை.

ஹம்பேர்க்கில் ஹோட்டல் குசினி வேலை. அதோடு படித்து, வெள்ளைக்காரரே திணறுகிற வேட்டைப் பரீட்சையில் பாஸ் பண்ணினார். வாய் சும்மா இருந்ததா? ஆவணி மாதா பெருநாளுக்குக் காட்டுப்பண்டிக் கறி தன் பொறுப்பு என்று கோயிலில் எழும்பி நின்று அறிவித்தார். சனம் கைதட்டியது. இனி மானம் அந்தப் பண்டியின் கையில்.

சுடத் துவக்கு இருந்தது, அதில் பூட்டத் தொலைநோக்கி இல்லை. பண்டி பொழுதுபட்டுத்தான் சோளக்காட்டுக்கு வரும், மங்கலில் தெளிவாகக் காட்டுகிற கண்ணாடி வேண்டும். பெண் பார்க்கும்போதுகூட மனுசன் இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். முன்கண்ணாடி அகலமென்றால் வெளிச்சம் கூடுமாம், அளவுக்கு மீறிப் பெருப்பித்தால் படம் இருளுமாம். பஸ்ஸிலும் இதே பிரசங்கம்தான். பகலில் எல்லாக் கண்ணாடியும் நல்லாத்தான் தெரியும் என்று கடையில் லைற்றை அணைக்கச் சொன்னார். கடைக்காரர் தொல்லை தாங்காமல், வீட்டில் வைத்துப் பாரும் என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அண்ணை அதை ஈஸ்டருக்கு முதல்நாள் இரவுப் பாஸ்காப் பூசைக்குக் கொண்டுவந்தார். விளக்கெல்லாம் அணைத்து, புது நெருப்புக்குச் சனம் காத்திருக்கிற நேரம். இவர் கடைசி வாங்கில் குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் பீடத்தை ஆராய்ந்தார். மெழுகுதிரியோடு வாசலால் வந்த ஃபாதர் முதலில் கண்டது அவரைத்தான். பூசை முடியக் கூப்பிட்டு விசாரித்தார்.

"மாதாவின்ர விரல்கூட வடிவாத் தெரியுது ஃபாதர். இதைத்தான் வாங்கப்போறன்."

வாங்கினார்.

பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், சோளக்காட்டோரப் பரணில் நானும் அவரும். பொழுதுபட, கறுப்பாய் ஒன்று வெளியே வந்தது. என் கண்ணுக்கு அது கறி. அண்ணை குறிபார்த்தார், பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு துவக்கைக் கீழே வைத்தார்.

"பின்னால குட்டியள் நிக்குது. தாயைச் சுடேலாது."

கொஞ்சம் மட்டமான கண்ணாடியாய் வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன். குட்டிகள் என் கண்ணுக்குத் தெரியவேயில்லை.

மறுநாள் இறைச்சிக்கடைப் பண்டியைச் சமைத்து, பெரிய சட்டியோடு வந்து நின்றார். சனம் தட்டோடு வரிசையில். காட்டுப்பண்டிதானோ என்று முன்னால் நின்ற அக்கா கேட்டார். அண்ணை உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், பொய் வராத மனுசன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓம் அக்கா, காட்டுப்பண்டிதான். சுடேக்க நான் பக்கத்தில இருந்தனான்," என்றேன்.

அவருக்காக அந்தப் பொய்யை இன்றைக்கும் சொல்லுவேன்.