ஐநூறு கிலோ

"ஏறுறதெல்லாம் சேர்த்து ஐநூறு கிலோ. ஒரு கிலோ கூடினாலும் கவிழ்ந்துடும்" என்றார் படகோட்டி. "ஒரே நடைதான். அப்புறம் தண்ணி இறங்கிடும்."

அக்கரையில் குழி வெட்டிக் காத்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் தன் அப்பாவின் சவப்பெட்டியைப் பார்த்தார். நூற்றைம்பது கிலோ. மிச்சம் முந்நூற்றைம்பது. ஒவ்வொருவரிடமும் எடை கேட்டார்.

அம்மா ஐம்பது, அக்கா ஐம்பத்தைந்து, அத்தான் அறுபது, சித்தப்பா ஐம்பது. அத்தை கூசாமல் நாற்பத்தொன்று என்றாள். வாத்தியார் தன் தொண்ணூற்று நான்கை மறைக்காமல் சேர்த்துக் கூட்டினார். கச்சிதமாக முந்நூற்றைம்பது!

பெட்டியை வைத்து எல்லோரும் ஏறினார்கள். விளிம்பு மூழ்கி, தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"இறங்குங்க! இறங்குங்க!" என்று கரையில் நின்ற படகோட்டி அலறினார்.

நனைந்தவர்களை மீன் கொட்டகைத் தராசில் ஒவ்வொருவராக ஏற்றினார் வாத்தியார். அம்மா ஐம்பத்திரண்டு, அத்தான் எழுபத்திரண்டு, சித்தப்பா எழுபத்தேழு. அத்தை அறுபத்தெட்டு.

"மீன் தராசு, மனுஷங்களுக்குச் சரியா காட்டாது" என்றாள் அத்தை.

அக்கா எண்பத்தொன்று. "துக்கத்துல உடம்பு கனக்கும்டா."

தொண்ணூற்று நான்கு கிலோ அதிகம். அக்காவை விட்டாலும் பதின்மூன்று கிலோ இடித்தது. அவர்கள் ஐந்து பேரில் இரண்டு பேரை நிறுத்தலாம். அதற்குப் பத்து வழி. பத்தையும் சொல்லிப் பார்த்தார்.

"அவர் வரலைன்னா நானும் வரல" என்றாள் அக்கா.

"கூடப் பொறந்தவன் நான் வேண்டாமா?" சித்தப்பா துண்டை உதறினார். அத்தை மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரே ஒருவரை விட்டுக் கணக்கை முடிக்க ஒரே வழிதான். வாத்தியார் தராசை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் கை வைத்தார்.

"அப்பா, நான் வரலப்பா."

அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவளையும் ஏற்றிவிட்டார். ஐந்து பேர், ஒரு பெட்டி. படகு விளிம்பளவு தாழ்ந்து நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

"சரியா ஐநூறு" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்தபடி. "கிளம்புங்க."

படகோட்டி துடுப்போடு படகையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் அறுபத்து மூணு கிலோ. படகை உங்க அப்பாவா ஓட்டப் போறாரு?"