வால் நீண்ட புழு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேற வேண்டும். நானும் அப்படித்தான் கல்முனைக்குடிக்கு வந்தேன். சுவர் என் மனைவி ஸுல்பிகாவுடையது. கிணறு அவளுடையது. கிணற்றடித் தென்னையும் அவளுடையது. எனக்கென்று நான் செய்துகொண்டது வீட்டைச் சுற்றிய வளவின் மூலையில் ஒரு சின்னக் குளம். வெட்டியது நான், சீமெந்து பூசியது நான். அதில் ஓர் அல்லி, சில கப்பி மீன்கள்.

அதை மூடி, உடுப்புக் கழுவக் கல் பதிக்க வேண்டும் என்பது ஸுல்பிகாவின் நெடுநாள் ஆசை. நான் இசையவில்லை. என் கலியாண வாழ்க்கையில் நான் இசையாத ஒரே விடயம் அதுதான்.

இந்த மாரியில் அவள் மனம் இளகியது போலிருந்தது. மீன் கழுவிய தண்ணீரைத் தினமும் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினாள். பூவுக்குப் பசளையாம், நல்ல உரமாம். எனக்குக் கண் கலங்கியது. அல்லியும் நன்றாகத்தான் பூத்தது. கப்பி மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கும்தான் ஆகிறது.

பிறகு புழு வந்தது.

“டெங்குப் புழு,” என்றாள் ஸுல்பிகா. “பீ.எச்.ஐ. கண்டா உங்களக் கோட்டுக்கு ஏத்துவாரு.”

“பாக்காமச் சொல்லாத புள்ள.”

“அப்ப நீங்க பாத்துச் சொல்லுங்க. டெங்கு நுளம்பு எண்டா மூடணும்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி நான் வாயத் துறக்கமாட்டன்.”

அந்த வாக்குறுதிக்காகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் பார்ப்பதைச் சரியாகப் பார்ப்பேன். பக்கத்து வளவுத் தேங்காய்ச் சிரட்டையில் கிடந்த அசல் நுளம்புப் புழுவை ஒரு ஜாம் போத்தலிலும் என் புழுவை இன்னொன்றிலும் எடுத்து ஜன்னலில் வைத்தேன். நுளம்புப் புழு தண்ணீர் மட்டத்தில் தலைகீழாகத் தொங்கியது. என் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே ஓடியது. என் புழு ஓடவில்லை. அடியில் சேற்றில் கிடந்தது. கொழுத்த உடம்பு, பின்னால் நூல் போல நீண்ட வால். அந்த வாலை மட்டும் மேலே நீட்டி மூச்சுவிட்டது. ஒருவருக்கும் தொந்தரவு தராமல், கிடைத்த மூலையில் சத்தமின்றி மூச்சுவிட்டு வாழும் பிராணி. எனக்கு அதைப் பிடித்துப் போயிற்று.

“இது நுளம்பில்ல. வேணுமெண்டா பீ.எச்.ஐ.யையே கூப்பிடு,” என்றேன். அதிகாரிகளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் நான்.

பின்னேரமே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார். றமீஸ் என்று பெயர். இளம் பொடியன். இரண்டு போத்தல்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“காக்கா சொல்றது சரி. இது நுளம்பில்ல,” என்றார், என்னை அண்ணன் முறை வைத்து.

நான் ஸுல்பிகாவைப் பார்த்தேன். சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“இது பூவுல மொய்க்கிற ஒரு சாதி இலையான்ட புழு,” என்று றமீஸ் தொடர்ந்தார். “நாறின தண்ணியிலதான் இரிக்கும். கிணறு இவ்வளவு கிட்டக் கிடக்கு. குளத்த மூடித்தான் ஆகணும், காக்கா.”

மீன் கழுவிய தண்ணீர் என் ஞாபகத்துக்கு வந்தது. செத்த கப்பிகளும் வந்தன. திரும்பிப் பார்த்தேன். ஸுல்பிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

றமீஸ் நோட்டீஸ் எழுதப் பேனையை எடுத்துக்கொண்டு ஸுல்பிகாவைப் பார்த்தார். “வளவு ஆர்ர பேர்ல, ராத்தா?”

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“வளவு என்ட பேர்ல. குளத்த மட்டும் அவர்ர பேர்ல எழுதுங்க.”