பாலம் சாரின் துணிப்பை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பாலம் சாரின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ஆனால் பாவம், அந்த மனுஷனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

காது அறுந்த துணிப்பையை மேசைமேல் போட்டுவிட்டு, மாணவர்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

வாழ்நாளெல்லாம் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர் அவர். இப்போது கல்லூரியில், சமூகத் தொழில்முனைவோராக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வழிகாட்டி. பிளாஸ்டிக்கை ஒழிக்கத் துணிப்பை விற்பது பிள்ளைகளின் திட்டம். வெள்ளிக்கிழமை அதை எடைபோடத் தேர்வுக்குழு வருகிறது. திட்டம் படுத்தால் அவர்கள் கூடும் அறைக்குப் பூட்டு, அவருக்கு மறுபடியும் வீட்டு நாற்காலி.

"கைப்பிடிக்குள்ள கம்பி வைங்கப்பா. லாரியே போனாலும் தாங்கணும்!"

"சூப்பர் சார்!" என்றாள் மாணவர்களின் தலைவி, ஒற்றைச் சடைக்காரி.

வைத்தார்கள். வெறும் பையைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"அப்போ கனத்தைக் குறைப்போம். பாலத்துல காத்து போக வழி விடுவோம்ல? அங்கங்க ஓட்டை போடுங்க."

போட்டார்கள். காய்கறி வாங்கப் போனவன் திரும்பி வந்தபோது பையில் பூசணிக்காய் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ஓட்டைக்கு வலை அடிச்சுட்டா?"

அடித்தார்கள். சந்தையில் ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி உள்ள போனா வெளிய வராதில்ல?" என்று கேட்டு ஒன்று வாங்கிப்போனார். விற்றது அது ஒன்றுதான்.

பைகளைத் தைத்துத் தந்த தையற்காரர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டார்.

பாலம் சார் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் சரிந்தார். "நான் விட்டுடறேம்மா. நான் வாயைத் திறந்தாலே அந்தப் பிள்ளைங்க பொழப்பு நாறுது. இனிமே என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க! உங்களை விட்டா அதுங்களுக்கு யாரு இருக்கா? நாளைக்கு இன்னும் சீக்கிரமாவே கிளம்புங்க!"

வெள்ளிக்கிழமை, தேர்வுக்குழுவின் முன்னால் அவரே எழுந்து நின்றார்.

"பிள்ளைங்க மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நல்ல பையை எலிப்பொறி ஆக்கினது நான்தான். தண்டனைன்னா எனக்குக் குடுங்க. இன்னையோட நான் போயிடறேன்."

தேர்வுக்குழுவின் தலைவர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினார். "அப்போ உங்க தொழில் நின்னுபோச்சாம்மா?"

ஒற்றைச் சடைக்காரி தரையைப் பார்த்தபடி எழுந்தாள்.

"மன்னிச்சுடுங்க சார். மேடம், எங்க தொழில் பையே இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்கிறவங்களுக்கு யோசனை சொல்ல ஒரு அறையும், 'சூப்பர் சார்'னு கேட்டுக்க ஆளும் ஏற்பாடு பண்றோம். நல்லாத்தான் ஓடுது, எங்க முதல் வாடிக்கையாளரே சாரோட வீட்டம்மாதான்!"

உங்கள் வீட்டில் பேசுகிறவருக்குக் கேட்க ஓர் ஆளும், கேட்கிறவருக்குப் பகலில் கொஞ்சம் ஓய்வும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.